கைமாற்று

போர்ட் வேக்ஃபீல்டில்,
நெடுஞ்சாலை இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன்னால்
நான் கல்லாவில் நிற்கிற பெட்ரோல் பங்க்.
அடிலெய்டில் ஒரு நீதிபதி
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்
எங்கள் கடையைத் தம் உத்தரவில் எழுதிவிட்டார்.
ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி, மாலை ஐந்தரை,
கேமராவின் பார்வைக்குள்,
ஐஸ் பெட்டிக்கும் காற்றடிக்கும் குழாய்க்கும் நடுவே
பெரன் என்கிற ஏழு வயதுப் பையன்
கைமாற வேண்டும்.
வட்டியில்லாமல். நாள் குறித்து.

இருவரும் ஏன் தவறாமல் எதையாவது வாங்குகிறார்கள் என்று
முதல் மாதமே புரிந்துவிட்டது.
மெரின் ஒரு சூயிங் கம். 5.24.
ஜேகோ அரை லிட்டர் பால். 5.31.
அவர்களுக்குப் பில்தான் சரக்கு.
மணி அச்சிட்ட துண்டுத் தாளை
அவள் பர்ஸுக்குள் மடிப்பாள், அவன் சட்டைப் பையில்.
ஒரு நிமிடத் தாமதத்துக்கும்
வக்கீலிடமிருந்து கடிதம் போகுமாம்.
நான் பார்த்தேயிராத வழக்கில்
என் இயந்திரம் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

பையனுக்கு உத்தரவு மனப்பாடம்.
ஒற்றைப்படை ஆண்டில் பிறந்தநாள் அப்பாவோடு.
கிறிஸ்துமஸ் மதியம் இரண்டு மணிக்கு உடையும்.
புதன்கிழமை ஏழுக்கு போன், பத்து நிமிடம்.
"நாய்?" என்று கேட்டேன் ஒருநாள்.
"நாய் உத்தரவில் இல்லை,
அது இஷ்டப்படி இருக்கலாம்" என்றான்.

நவம்பர், அறுவடை.
வல்லரூவின் தானியக் கிடங்கு வாசலில்
லாரிகள் மைல் நீளத்துக்கு நிற்கிற காலம்.
அங்கே எடைமேடையில்தான் ஜேகோவுக்கு வேலை.
ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால்.
கல்லாவுக்கு எதிரே பெரன்
ஆடுகிற பல்லை நாக்கால் நெட்டிக்கொண்டிருந்தான்.
பதினேழாம் பத்தி சொல்கிறது:
முப்பது நிமிடம் காத்திருந்தால் போதும்.
அதற்குமேல் தாய் திரும்பிப் போகலாம்,
அந்த வார இறுதி இல்லையென்று ஆகும்,
ஈடு கிடையாது.

5.52க்குப் பல் விழுந்தது.
கோதுமை மணி அளவு, நுனியில் ரத்தம்.
பில் சுருளில் ஒரு முழம் கிழித்து,
எதுவும் அச்சிடாத வெற்றுத் தாளில்
பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.
"இது எந்த வீட்டுத் தலையணைக்கு அடியில்?"
அம்மாவைக் கேட்டான்.
முப்பத்தொரு பத்தியில் எங்கேயும்
பல் இல்லை.

மெரின் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்,
நான் யார் கட்சியும் இல்லையென்றாலும்.
5.58.
5.59.
வானொலியில் ஆறு மணிச் செய்திக்கான மணி அடித்தது.
அவள் சாவியை எடுத்தாள்.
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.
பிறகு ஒரு காபி கேட்டாள், பெரிய கோப்பையில்,
ஐந்து டாலர் சில்லறையாக எண்ணி வைத்தாள்.
என் விரல் பொத்தானுக்குப் போனபோது
"பில் வேண்டாம்" என்றாள்.

ஆறு இருபதுக்கு ஜேகோ ஓடி வந்தான்.
காது மடல் வரை கோதுமைத் தூசி.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாய்
திறந்து, திறந்தபடியே நின்றது.
அவள் காபியை ஊதிக்கொண்டே பொட்டலத்தை நீட்டினாள்.
"பல்லுக்கு இரண்டு டாலர்.
அதற்கு மேல் வைத்துக் கெடுக்காதே."
பழக்கதோஷத்தில் அவன் ஒரு பால் எடுத்தான்,
மணியைப் பார்த்தான்,
திருப்பி வைத்தான்.

சமாதானமாகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.
அடுத்த தவணை 5.24, சூயிங் கம், பில்.
5.29, பால், பில்.
பையன் மட்டும் வாயைத் திறந்து
புதுப் பல்லின் ரம்ப விளிம்பைக் காட்டிவிட்டுப் போனான்.

பல் விழுந்த அன்று இரவு கல்லா முடிக்கையில்
கணக்கில் இல்லாத ஐந்து டாலர் மிஞ்சியது.
ஆம்புலன்ஸ் தொண்டர்களின் உண்டியலில் போட்டேன்.
கேமராவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
கேட்டாலும்,
முப்பது நாளில்
அது தன் மேலேயே எழுதிக்கொள்ளும்.